ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (சனவரி 15, 1841 - மார்ச் 9, 1911) பிரித்தானியப் படை அதிகாரியும் பொறியாளரும் ஆவார். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்துள்ள முல்லைப் பெரியாறு அணையைத் திட்டமிட்டுக் கட்டி முடித்தவர் இவரே. மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதன் மூலம், தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இன்றைய மாவட்டங்களின் பாசனத்துக்கு வழி செய்தார். கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளிலும் கடைகளிலும் இவரது படம் மாட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

மக்கள் மனத்தில் இவ்வளவு ஆழமாக இடம்பெற்ற ஒருவரைப் பற்றிக் காலப்போக்கில் பல செவிவழிக் கதைகளும் தோன்றின. அவற்றுள் பெரும்பாலானவை இவரது குடும்பத்தையும் குடும்பச் சொத்தையும் சார்ந்தவை. எனவே இவரது குடும்ப வரலாற்றை ஆவணங்களின் வழியே அறிவது இவரது வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இன்றியமையாததாகிறது.

பெயரும் மரபும்

பென்னிகுவிக் என்பது ஊர்ப்பெயரிலிருந்து தோன்றிய இசுக்காட்லாந்துக் குடும்பப் பெயராகும். எடின்பரோ நகருக்குத் தெற்கே பெனிகுயிக் என்னும் சிற்றூர் உள்ளது. அப்பெயர் பழைய பிரித்தானிய மொழியில் குயிலினப் பறவையின் குன்று என்னும் பொருள் உடையது என்று கருதப்படுகிறது. பழைய ஆவணங்களில் இப்பெயர் பல்வேறு எழுத்துக்கூட்டல்களில் காணப்படுகிறது. தமிழிலும் பென்னிகுவிக், பென்னிகுயிக், பென்னி குக் எனப் பலவாறு எழுதப்படுகிறது.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவரது தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுவிக் என்பதே. இருவரும் படை அதிகாரிகள். இருவரும் இந்தியாவில் பணியாற்றியவர்கள். ஆகவே ஆண்டையும் படைப்பிரிவையும் ஒப்பிட்டுப் பாராமல் பெயரை மட்டும் கொண்டு தேடுவோர், தந்தையின் போர்ப்பணியை மகனுடையதாகவோ மகனின் பணியைத் தந்தையுடையதாகவோ எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 1849 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட போர்க்குறிப்புகள் அனைத்தும் தந்தையைக் குறிப்பன.

தந்தை பிரிகேடியர் பென்னிகுவிக்

தந்தை பென்னிகுவிக் பிரித்தானிய அரச படையில் நீண்ட காலம் பணியாற்றியவர். முதலாம் ஆப்கானியப் போரின்போது 1839 ஆம் ஆண்டில் கசுனி, கலாத் ஆகிய கோட்டைகளைக் கைப்பற்றிய படைகளில் இவர் 17 ஆவது காலாட்படைப் பிரிவில் இருந்தார். 1841 ஆம் ஆண்டில் ஏடனில் நடந்த படை நடவடிக்கையொன்றுக்கும் தலைமை வகித்தார். இப்பணிகளின் காரணமாகவே குடும்பம் பம்பாய் மாகாணத்தில் தங்கியிருந்தது. இளைய ஜான் 1841 சனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தாயார் பெயர் சாரா பாரெல்.

இரண்டாம் ஆங்கிலேய சீக்கியப் போரில் 1849 சனவரி 13 அன்று பஞ்சாபின் சில்லியன்வாலா என்னுமிடத்தில் கடும் போர் நடந்தது. இவ்விடம் இன்று பாகித்தானில் உள்ளது. 24 ஆவது காலாட்படைப் பிரிவை உள்ளடக்கிய ஒரு பிரிகேடுக்குத் தந்தை பென்னிகுவிக் தலைமை தாங்கினார். புதர்க்காட்டினூடே சீக்கியப் பீரங்கிகளை நோக்கி முன்னேறிய அப்பிரிவு பேரிழப்புக்கு உள்ளாயிற்று. அதன் அதிகாரிகளுள் 13 பேர் உயிரிழந்தனர். பிரிகேடியர் பென்னிகுவிக்கும் அப்போரில் வீழ்ந்தார். அதே பிரிவில் இளநிலை அதிகாரியாக இருந்த அவருடைய மகன் அலெக்சாண்டர், தந்தையின் உடலைக் காத்து நின்றபோது சுடப்பட்டு இறந்தார். அவருக்கு அப்போது வயது 17.

தந்தையும் தமையனும் ஒரே நாளில் இறந்தபோது இளைய ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இரண்டு நாட்களே இருந்தன.

கல்வியும் படைப்பணியும்

இளைய ஜான் இங்கிலாந்தில் செல்ட்டனம் கல்லூரியில் பயின்றார். 1841 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இப்பள்ளியில் இந்தியப் பணியில் இருந்த அதிகாரிகளின் பிள்ளைகள் பலர் படித்தனர். பின்னர் இலண்டனுக்குத் தெற்கே அடிஸ்கோம் என்னுமிடத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக் கல்லூரியில் சேர்ந்தார். கம்பெனிப் படைகளுக்கான பொறியாளர்களையும் பீரங்கிப் படையினரையும் உருவாக்கிய நிறுவனம் அது.

1858 ஆம் ஆண்டில் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியாக நியமனம் பெற்றார். அதே ஆண்டில்தான் கம்பெனி ஆட்சி முடிவுற்று இந்தியா பிரித்தானிய முடியாட்சியின் நேரடி ஆளுகைக்கு மாறியது. 1862 ஆம் ஆண்டில் சென்னைப் பொறியாளர் படை பிரித்தானிய அரச பொறியாளர் படையுடன் இணைக்கப்பட்டது. இவ்வாறு கம்பெனியின் கல்லூரியில் பயின்ற பென்னிகுவிக், பிரித்தானியத் தரைப்படையின் அதிகாரியானார். 1868 ஆம் ஆண்டில் அபிசீனியாவுக்கு அனுப்பப்பட்ட படையிலும் பணியாற்றினார். பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் கழித்து, தலைமைப் பொறியாளர் நிலைக்கு உயர்ந்தார். சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

பெரியாறு திட்டம்

பெரியாற்று நீரை வைகைப் பகுதிக்குத் திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்குக்கு முன்பே இருந்தது. 1798 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பி ஆராயச் செய்தார். 1808 ஆம் ஆண்டில் ஆய்வு செய்த ஜேம்சு கால்டுவெல் என்னும் பொறியாளர் இத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று அறிக்கை அளித்தார். 1850 ஆம் ஆண்டளவில் தொடங்கிய சிறு முயற்சியும் காய்ச்சலின் காரணமாகக் கைவிடப்பட்டது. 1860களில் ரைவ்சு என்னும் அதிகாரி மண் அணை ஒன்றைக் கட்டலாம் எனப் பரிந்துரைத்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பேரழிவைச் சந்தித்த பின்னர் இத்திட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

1882 ஆம் ஆண்டில் திருத்திய திட்டத்தையும் மதிப்பீட்டையும் ஆயத்தம் செய்யும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அளித்த திட்டம் 1884 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி நீர்த்தேக்கத்துக்கான 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகையில் 999 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது.

கட்டுமானம் 1887 ஆம் ஆண்டில் தொடங்கியது. அடர்ந்த காடு, யானைகள், தொடர்மழை, மலேரியாக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு இடையே வேலை நடந்தது. ஆற்றைத் தடுக்க எழுப்பப்பட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. சென்னைப் பயனியர் படையினரும் கூலித் தொழிலாளர்களும் கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும் இதில் ஈடுபட்டனர். சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த காரையைக் கொண்டு, கருங்கல் முகப்புகளுடன் அணை எழுப்பப்பட்டது. அதன் உயரம் 176 அடி. நீளம் ஏறத்தாழ 1,200 அடி. நீரைக் கிழக்கே கொண்டுசெல்ல 5,704 அடி நீளமுள்ள சுரங்கம் மலையில் குடையப்பட்டது. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார். அவ்வாண்டில் பென்னிகுவிக் சி. எசு. ஐ. விருதைப் பெற்றார்.

திருமணமும் பிள்ளைகளும்

பென்னிகுவிக் 1879 ஆம் ஆண்டில் கிரேசு சார்சியானா சேமியர் என்பவரை மணந்தார். இவர் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த தளபதி ஸ்டீபன் என்றி எட்வர்டு சேமியரின் மகள். சேமியர் குடும்பத்தினர் பிரான்சிலிருந்து மதக் காரணங்களுக்காக இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த யூகநாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவர்களின் வழியில் வந்தவர்கள். அணைக் கட்டுமானத்தின் கடினமான ஆண்டுகள் அனைத்தும் இத்திருமணத்துக்குப் பிந்தையவை. இத்தம்பதியருக்கு ஐந்து மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

மகன் சேம்சு அலெக்சாண்டர் சார்லசு பென்னிகுவிக் 1890 ஆம் ஆண்டில் பிறந்தார். சில்லியன்வாலாவில் இறந்த பெரியப்பாவின் பெயர் இவரது பெயரில் இடம்பெற்றுள்ளது. இவரும் தந்தையைப் போலவே அரச பொறியாளர் படையில் சேர்ந்தார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஆகத்து இறுதியில், செருமானியப் படைகள் முன்னேறாதபடி பிரான்சில் உவாசு ஆற்றின் மீதிருந்த போந்துவாசுப் பாலத்தைத் தகர்த்தவர்களுள் இவரும் ஒருவர். அதற்காக டி. எசு. ஓ. என்னும் வீர விருது பெற்றார். பின்னர் பிரிகேடியர் நிலைக்கு உயர்ந்து 1966 ஆம் ஆண்டில் இறந்தார்.

ஓய்வுக்குப் பின்

1896 ஆம் ஆண்டில் இந்தியப் பணியிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பிய பென்னிகுவிக், சர்ரே பகுதியில் கூப்பர்சு இல் என்னுமிடத்தில் இருந்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவிக்க 1871 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல்லூரி இது. 1899 ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பில் இருந்தார். பெரியாற்று நீரைத் திருப்பிய முறையை விளக்கி இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தில் 1897 ஆம் ஆண்டில் கட்டுரை அளித்தார். ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் பிரிசுபேன் ஆற்று வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவது பற்றியும் ஆய்வறிக்கை வழங்கினார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் தமது 70 ஆவது வயதில் காலமானார். அருகிலுள்ள பிரிம்லி புனித பேதுரு ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

குடும்ப வரலாற்று ஆவணங்கள்

பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய படை அதிகாரி ஒருவரின் குடும்ப வரலாறு ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. பென்னிகுவிக்கின் வாழ்க்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இங்கிலாந்தில் 1837 ஆம் ஆண்டு முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசு பதிவு செய்து வந்தது. ஆனால் இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயர்களுக்குத் தேவாலயப் பதிவேடுகளே முதன்மைச் சான்று. அவற்றின் படிகள் ஆண்டுதோறும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இவை இன்று பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணப் பிரிவில் வங்காளம், சென்னை, பம்பாய் என மாகாண வாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. பென்னிகுவிக் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர் என்பதால் அவரது பிறப்பைச் சென்னைத் தொகுதியில் தேடுவது பயன் தராது. புனே பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது என்பதால் பம்பாய்த் தொகுதியையே பார்க்க வேண்டும்.

படைப்பணி ஆவணங்களும் இரண்டாகப் பிரிந்துள்ளன. கம்பெனிப் படையில் சேர விரும்பிய மாணவர்கள் பிறப்புச் சான்று, பெற்றோர் விவரம், பரிந்துரைத்தவரின் பெயர் ஆகியவற்றை அளிக்க வேண்டியிருந்தது. இத்தாள்கள் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. தந்தை பென்னிகுவிக் அரச படையைச் சேர்ந்தவர் என்பதால் அவரைப் பற்றிய குறிப்புகளை இலண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் அலுவலகத் தொகுதிகளில் தேட வேண்டும். பதவி உயர்வுகள் இலண்டன் கெசட் என்னும் அரசிதழிலும் ஆண்டுதோறும் வெளியான படைப் பட்டியல்களிலும் வெளியிடப்பட்டன.

இங்கிலாந்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரு வீட்டில் வாழ்ந்தோரின் பெயர், வயது, பிறந்த இடம் ஆகியவற்றைத் தருகிறது. ஆனால் கணக்கெடுப்பு நாளில் இந்தியாவில் இருந்தவர்கள் அதில் இடம்பெறுவதில்லை. 1911 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏப்ரல் 2 அன்று நடந்தது. அதற்கு 24 நாட்கள் முன்பே பென்னிகுவிக் இறந்துவிட்டதால் அக்கணக்கெடுப்பில் அவரைத் தேடுவதும் வீண். இவ்வாறு ஒரு பட்டியலில் பெயர் இல்லாமற் போவதற்கும் தக்க காரணம் இருக்கக்கூடும்.

1998 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரித்தானிய இந்தியக் குடும்பங்கள் கழகம் தன்னார்வலர்களைக் கொண்டு இத்தகைய பதிவுகளைப் படியெடுத்து வெளியிட்டு வருகிறது.

இந்த ஆவணங்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. அதிகாரிகளின் பிறப்பும் திருமணமும் மரபுரிமையும் பதிவாகியுள்ள அளவுக்கு, அணையில் வேலை செய்த கூலித் தொழிலாளர்களின் வாழ்க்கை பதிவாகவில்லை. காய்ச்சலாலும் வெள்ளத்தாலும் அங்கே இறந்தோர் பலர். அணைக்கு அருகே பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. ஆனால் இறந்த தொழிலாளர்களுள் மிகப் பலரின் பெயரை அறிய வழியில்லை.

சொத்து விற்ற கதை

கட்டுமானத்தின்போது வெள்ளம் ஏற்படுத்திய அழிவால் அரசு நிதி மறுத்தது என்றும், பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று குடும்பச் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. மேடைப் பேச்சுகளிலும் இதழ்களிலும் இது உறுதியான செய்தியாகவே இடம்பெற்று வருகிறது. ஆயினும் இதை மெய்ப்பிக்கும் காலத்து ஆவணம் எதுவும் இதுவரை சான்றாகக் காட்டப்படவில்லை.

இத்தகைய கூற்றை ஆராய்வதற்கு வழிகள் உள்ளன. பெரியாறு திட்டம் சென்னை மாகாண அரசின் பாசனத் திட்டமாகும். அதன் மதிப்பீடுகள் மேலிடத்தின் ஒப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்தவை. தனி ஒருவர் பெருந்தொகை அளித்திருந்தால் அது கணக்குகளில் இடம்பெற்றிருக்க வேண்டும். கட்டுமானத்தில் பங்கேற்ற பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு 1899 ஆம் ஆண்டில் சென்னையில் வெளியானது. திட்டத்தின் படிநிலைகளை அறிய அந்நூலே முதன்மைச் சான்றாக விளங்குகிறது. இசுக்காட்லாந்தில் நில உரிமை மாற்றங்கள் 1617 ஆம் ஆண்டு முதல் பொதுப் பதிவேட்டில் எழுதப்பட்டு வருகின்றன. எனவே மூதாதையர் நிலம் அங்கு விற்கப்பட்டிருந்தால் அதன் தடம் கிடைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1858 ஆம் ஆண்டு முதல் இறந்தோரின் விருப்புறுதி ஆவணங்கள் நடுவண் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. அவை ஒருவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பைக் காட்டுகின்றன.

குடும்பச் சூழலையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஜான் தமது ஏழு வயதில் தந்தையை இழந்த இளைய மகன். ஊதியத்தையும் பின்னர் ஓய்வூதியத்தையும் கொண்டு வாழ்ந்த படைக் குடும்பத்தின் பிள்ளை. ஒரு பேரணையின் செலவைத் தாங்கும் மரபுச் சொத்து அவரிடம் இருந்ததாகக் கொள்வதற்குத் தனிச் சான்று தேவை.

இக்கதை மெய்ப்பிக்கப்படாததால் பென்னிகுவிக்கின் சிறப்பு குறைவதில்லை. முன்னோர் பலர் இயலாது எனக் கைவிட்ட திட்டத்தை வடிவமைத்ததும், வெள்ளம் அழித்த வேலையை மீண்டும் மீண்டும் தொடங்கி எட்டு ஆண்டுகளில் முடித்ததும் ஆவணங்கள் உறுதி செய்யும் உண்மைகளாகும்.

மதுரைக் கட்டட விவாதம்

ஆவணங்களின் தேவையை உணர்த்தும் மற்றொரு நிகழ்வு 2021 ஆம் ஆண்டில் நடந்தது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுப்பணித் துறை வளாகத்தில் இருந்த கட்டடம், பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்கட்டடம் அவர் இறந்த பின்னரே கட்டப்பட்டது என்று தமிழ்நாடு அரசு பொதுப்பணித் துறைப் பதிவுகளைக் கொண்டு மறுத்தது. நூலகம் 2023 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

கல்லறையும் நினைவுச் சின்னங்களும்

பிரிம்லியில் உள்ள பென்னிகுவிக்கின் கல்லறை நீண்ட காலம் தமிழ்நாட்டில் அறியப்படாமலே இருந்தது. இங்கிலாந்தில் வாழும் தமிழர்களின் முயற்சியால் அது கண்டறியப்பட்டது. அங்குள்ள பழைய கல்லறைகள் அகற்றப்படலாம் என்ற நிலை ஏற்பட்டபோது, ஆலயத்தாரை அணுகி அதைக் காக்க அவர்கள் முயன்றனர். இதன் தொடர்ச்சியாக அவருடைய குடும்ப வழியினருக்கும் தேனி மாவட்ட மக்களுக்கும் தொடர்பு உண்டாயிற்று.

தேனி மாவட்டம் லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு அமைத்த மணிமண்டபம் 2013 சனவரி 15 அன்று திறக்கப்பட்டது. தேனி புதிய பேருந்து நிலையத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கேம்பர்லியில் தமிழ்நாடு அரசின் சார்பில் இவரது சிலை 2022 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இவரது பிறந்தநாள் தைப்பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி முதலிய ஊர்களில் மக்கள் இவர் நினைவாகப் பொங்கலிட்டு வழிபடுகின்றனர்.